திறமை, குணம், விருப்பம்: தன்னைப் பற்றி ஆங்கிலத்தில் சொல்ல உதவும் முன்னிடைச்சொற்கள்

தன்னைப் பற்றி நான்கு வரி ஆங்கிலத்தில் சொல்ல வேண்டிய தேவை மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இன்று பலருக்கு வருகிறது. சாதாரண தரப் பரீட்சைக்குத் தன்னை அறிமுகப்படுத்தி எழுதிப் பழகும் மாணவி, பாசிக்குடாவிலோ அறுகம்பையிலோ ஹோட்டல் வேலைக்கு நேர்முகத்துக்குச் செல்லும் இளைஞன், வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ பல்கலைக்கழகத்தின் முதல் வாரத்தில் வகுப்பின் முன் எழுந்து நிற்கும் புதுமுக மாணவன் ஆகிய எல்லோரும் சொல்ல வருவது ஏறத்தாழ ஒன்றுதான்: எனக்கு எது நன்றாக வரும், நான் எப்படிப்பட்டவன், எனக்கு எது விருப்பம். இதற்கு வேண்டிய பெரிய சொற்கள் பெரும்பாலோருக்குத் தெரியும். குட், இன்ட்ரஸ்டட், அஃப்ரெய்ட், ப்ரௌட் என்பவற்றின் பொருளை ஏழாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லும். வாக்கியம் இடறுவது அவற்றுக்கு அடுத்து வரும் அட், இன், ஒவ், ஒன், டு, வித், ஃபோ, அபௌட் என்னும் சின்னச் சொற்களில்தான். இந்தக் கட்டுரை அவற்றைப் பற்றியது. ஆங்கில வாக்கியங்களை ஒலிக்கு நெருக்கமாகத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். வாசிப்பவர்கள் அவற்றை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பது நல்லது.

தமிழில் வேற்றுமை உருபுகள் செய்யும் வேலையின் பெரும்பகுதியை ஆங்கிலத்தில் முன்னிடைச்சொற்கள் செய்கின்றன. தமிழ் உருபு பெயருக்குப் பின்னே ஒட்டுகிறது. ஆங்கில முன்னிடைச்சொல் பெயருக்கு முன்னே தனியாக நிற்கிறது. இந்த இட வேறுபாடு யாரையும் அதிகம் குழப்புவதில்லை. எந்தச் சொல்லோடு எந்த முன்னிடைச்சொல் வரும் என்பதே குழப்புகிறது. ஆனால் இதே ஒழுங்கீனம் தமிழிலும் உண்டு. நாம் அதைக் கவனிப்பதில்லை. ‘நாய்க்குப் பயம்’ என்கிறோம், ‘நாயைப் பயம்’ என்பதில்லை. ‘நாயைக் கண்டால் வெறுப்பு’ என்கிறோம், ‘நாய்க்கு வெறுப்பு’ என்றால் வெறுப்பது நாயாகிவிடும். அச்சத்தைக் குறிக்கும் சொல்லுக்கு ஐந்தாம் வேற்றுமையும் இரண்டாம் வேற்றுமையும் வரும் என்று தொல்காப்பியம் தனியாக ஒரு விதியே சொல்கிறது: பழியின் அஞ்சும், பழியை அஞ்சும் என்ற இரண்டும் சரி. இன்று நம் பேச்சில் அந்த இடத்தில் நான்காம் வேற்றுமையின் ‘கு’ வந்து உட்கார்ந்துவிட்டது. எந்த உருபு வரும் என்பதைத் தீர்மானிப்பது அந்தச் சொல்லும் அந்தக் காலத்து வழக்கும்தான். ஆங்கிலத்திலும் அப்படியே. ஆகவே ‘தமிழில் இந்த உருபு, அதற்கு ஆங்கிலத்தில் இந்தச் சொல்’ என்று ஓர் அட்டவணை போட்டுக்கொண்டு தொடங்குபவர் முதல் வாக்கியத்திலேயே தவறிவிடுவார்.

அந்த முதல் வாக்கியம் பெரும்பாலும் திறமையைப் பற்றியது. ‘நான் சமையலில் கெட்டிக்காரி’ என்பதை ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால், கேட்கும் பத்துப் பேரில் பலரும் “ஐ அம் குட் இன் குக்கிங்” என்பார்கள். வழக்கமான ஆங்கிலம் “ஐ அம் குட் அட் குக்கிங்”. ‘இல்’ என்றதும் ‘இன்’ என்று நாக்கு தானாகப் போய்விடுகிறது. கல்முனைப் பக்கத்து ரியூஷன் வகுப்பு ஒன்றில் இப்படி ஓர் உரையாடல் நடப்பதாக எண்ணிக்கொள்ளலாம்.

“சேர், ‘சமையலில்’ எண்டுதானே சொல்றம்? ‘இல்’ எண்டால் ‘இன்’ தானே?”

“சரி மகள், ‘இரவில்’ எண்டதுக்கு என்ன சொல்லுவீங்க?”

“அட் நைட்.”

“‘திங்கட்கிழமையில்’?”

“ஒன் மண்டே.”

“‘மட்டக்களப்பில்’?”

“இன் பட்டிக்கலோ.”

“இப்ப ஒரு ‘இல்’லுக்கு மூண்டு வந்திட்டுது. நாலாவதா ‘சமையலில்’ எண்டதுக்கு எது வரும் எண்டு ‘இல்’லைப் பார்த்து எப்படிச் சொல்றது?”

சொல்ல முடியாது. ‘குட்’ என்ற சொல்லைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். திறமையைக் குறிக்கும்போது குட் தன்னோடு அட் என்பதை அழைத்து வருகிறது. பேட் அட், டெரிபிள் அட், எக்ஸலண்ட் அட், ப்ரில்லியன்ட் அட், ஹோப்லெஸ் அட், குவிக் அட் என்று, ஒருவருக்கு ஒன்று நன்றாக வரும் அல்லது வராது என மதிப்பிடும் சொற்கள் எல்லாம் இதே வழியில் போகின்றன. “மை பிரதர் இஸ் ப்ரில்லியன்ட் அட் மெத்ஸ்”, “ஐ அம் ஹோப்லெஸ் அட் ட்ரோயிங்.” பாடங்களின் பெயரோடு மட்டும் ‘குட் இன்’ என்று சொல்லும் வழக்கு அமெரிக்கர் சிலரிடம் உண்டு. ஆனால் இலங்கையில் நாம் படிப்பது பிரித்தானிய வழக்கைத் தழுவிய ஆங்கிலம் என்பதால், புதிதாகக் கற்பவர் எல்லா இடத்திலும் அட் என்றே பழகிக்கொள்வது பாதுகாப்பானது.

இங்கே இன்னொரு விதியையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். அது இந்தக் கட்டுரையில் வரும் எல்லா இணைகளுக்கும் பொருந்தும். முன்னிடைச்சொல்லுக்குப் பின்னால் வருவது பெயராக இருக்க வேண்டும். ஒரு செயலைச் சொல்ல விரும்பினால் வினைக்கு ‘இங்’ சேர்த்து அதைப் பெயராக்க வேண்டும். ‘நீந்துவதில்’ என்று நாம் ‘நீந்து’ என்ற வினையைப் பெயராக்கிக்கொண்டு பிறகு உருபு சேர்ப்பதைப் போன்றதே இது. “குட் அட் ஸ்விம்மிங்” சரி. “குட் அட் ஸ்விம்”, “குட் அட் டு ஸ்விம்” இரண்டும் பிழை. தமிழில் ‘நீந்து இல் கெட்டிக்காரன்’ என்று எவரும் சொல்லாததை நினைத்துக்கொண்டால் இந்த விதி மறக்காது.

குட் என்ற ஒரே சொல்லை எடுத்துக்கொண்டு, பின்னால் வரும் முன்னிடைச்சொல்லை மாற்றிப் பார்த்தால் இந்தச் சின்னச் சொற்கள் எவ்வளவு வேலை செய்கின்றன என்பது தெரியும். “ஷி இஸ் குட் அட் டீச்சிங்” என்றால் அவருக்குக் கற்பித்தல் நன்றாக வரும். “ஷி இஸ் குட் வித் சில்ட்ரன்” என்றால் பிள்ளைகளோடு பழகி அவர்களைச் சமாளிக்கத் தெரிந்தவர். “ஷி வோஸ் குட் டு மீ” என்றால் என்னிடம் அன்பாக, நல்லபடியாக நடந்துகொண்டார். “மோர் ஸ்லீப் இஸ் குட் ஃபோ யூ” என்றால் கூடுதலான உறக்கம் உனக்கு நன்மை தரும். “இட் இஸ் குட் ஒவ் யூ டு கம்” என்றால் நீங்கள் வந்தது உங்கள் நல்ல மனது. ஐந்திலும் குட் ஒன்றுதான். பொருளைப் பிரித்துக் காட்டுவது பின்னால் வருவது. இவற்றில் ‘குட் வித்’ என்பதை நம் மாணவர்கள் அதிகம் பயன்படுத்துவதில்லை. ஆட்களோடும், பிராணிகளோடும், கையில் எடுத்துப் புழங்கும் பொருள்களோடும் ஒருவருக்கு உள்ள லாவகத்தைச் சொல்ல அது மிகவும் ஏற்றது. “குட் வித் டூல்ஸ்”, “குட் வித் மணி”, “குட் வித் கெஸ்ட்ஸ்”: கடைசியாகச் சொன்னதை ஹோட்டல் நேர்முகத்துக்குப் போகிறவர் கட்டாயம் மனத்தில் வைத்துக்கொள்ளலாம்.

அப்படியானால் திறமைக்கு இன் வரவே வராதா என்றால், வரும். மொழியறிவு, பயிற்சி, அனுபவம் போன்ற கற்றுப் பெற்ற தகைமைகளைச் சொல்லும்போது இன் வருகிறது. “ஃப்ளூவன்ட் இன் சிங்களா”, “ட்ரெய்ன்ட் இன் ஃபர்ஸ்ட் எய்ட்”, “எக்ஸ்பீரியன்ஸ்ட் இன் அக்கவுண்டிங்”, “குவாலிஃபைட் இன் நர்சிங்.” நன்றாக வரும், வராது என்று வெறுமனே மதிப்பிட்டால் அட், ஒரு துறைக்குள் நுழைந்து கற்றுத் தேறியதைச் சொன்னால் இன். இது இலக்கண நூலில் உள்ள விதியன்று, நினைவில் வைக்க உதவும் கைவழி மட்டுமே. ஆயினும் சுயவிபரக்கோவை எழுதும்போது பெரும்பாலும் கைகொடுக்கும்.

ஆர்வத்துக்கும் இன் தான். “ஐ அம் இன்ட்ரஸ்டட் இன் ஃபோட்டோகிரஃபி.” இங்கே தமிழ் ‘இல்’லும் ஆங்கில ‘இன்’னும் தற்செயலாக ஒத்துப்போவதால் முன்னிடைச்சொல்லில் பிழை குறைவு, பிழை அதற்கு முந்தைய சொல்லில் நேர்கிறது. “ஐ அம் இன்ட்ரஸ்டிங்” என்று ஒருவர் சொன்னால், ‘நான் சுவாரசியமான ஆள்’ என்று தன்னைத் தானே மெச்சிக்கொள்கிறார் என்று பொருள். ஆர்வம் கொள்பவர் இன்ட்ரஸ்டட்; ஆர்வத்தைத் தூண்டும் பொருள் இன்ட்ரஸ்டிங்.

ஒவ் என்பதோடு வரும் கூட்டம் பெரியது; அதில் பெரும்பாலானவை மனநிலையைச் சொல்பவை. ஃபொண்ட் ஒவ் என்றால் பாசம் அல்லது பிரியம்: “மை கிராண்ட்ஃபாதர் இஸ் ஃபொண்ட் ஒவ் பஃபலோ கர்ட்”, என் அப்பப்பாவுக்கு எருமைத் தயிர் என்றால் பிரியம். ப்ரௌட் ஒவ், அஷேம்ட் ஒவ், ஜெலஸ் ஒவ், டயர்ட் ஒவ், கேப்பபிள் ஒவ், அஃப்ரெய்ட் ஒவ் ஆகிய எல்லாம் இதில் அடங்கும். இவற்றைத் தமிழாக்கினால் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு உருபு வருவதைக் காணலாம். பிள்ளையை நினைத்துப் பெருமை, செய்ததற்கு வெட்கம், அவன் மேல் பொறாமை, காத்திருந்து அலுப்பு, நாய்க்குப் பயம்: ஐந்து வழியில் நாம் சொல்வதை ஆங்கிலம் ஒரே ஒவ்வில் முடித்துவிடுகிறது. எனவே இந்தக் கூட்டத்தைப் பொறுத்தவரை ஆங்கிலம்தான் எளிது என்பேன். அஃப்ரெய்ட் விடயத்தில் மட்டும் எச்சரிக்கை தேவை. ‘நாய்க்குப் பயம்’ என்பதிலுள்ள ‘கு’வைப் பார்த்து “அஃப்ரெய்ட் ஃபோ த டோக்” என்று சொன்னால், நாய்க்கு ஏதும் ஆகிவிடுமோ என்று கவலைப்படுகிறேன் என்று பொருள் மாறிவிடும். கடலுக்குப் போன மகனை நினைத்து அஞ்சும் தாய்க்கு அது பொருந்தும். தெருநாயைக் கண்டு சைக்கிளைத் திருப்புகிறவருக்கு ஒவ்தான் பொருந்தும்.

விருப்பத்தைச் சற்று அழுத்திச் சொல்ல கீன் ஒன் உண்டு: “ஹி இஸ் கீன் ஒன் கிரிக்கெட்.” இதற்குப் பின் ஒரு செயல் வந்தால், ஏற்கெனவே விரும்பிச் செய்வதற்கு “கீன் ஒன் ஸ்விம்மிங்” என்றும், இனிச் செய்ய ஆவலாக இருப்பதற்கு “கீன் டு லேர்ன்” என்றும் சொல்வது வழக்கம். வேலை தேடுபவருக்கு இரண்டாவது நல்ல தொடர். அபௌட் என்பதோடு வருபவை பேஷனேட் அபௌட், சீரியஸ் அபௌட், கிரேசி அபௌட், பர்ட்டிக்குலர் அபௌட் முதலியன. பேஷனேட் அபௌட் என்ற தொடர் சுயவிபரக்கோவைகளில் இப்போது தேய்ந்துபோய்விட்டது. எல்லோரும் எல்லாவற்றிலும் தீராத வேட்கை கொண்டிருப்பதாக எழுதுகிறார்கள், வாசிப்பவர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார். ‘பர்ட்டிக்குலர் அபௌட்’ என்பதோ நல்ல தொடராயினும் பலருக்குத் தெரியாதது. “மை மதர் இஸ் வெரி பர்ட்டிக்குலர் அபௌட் கிளீன்லினஸ்” என்றால், துப்புரவு விடயத்தில் அம்மா விட்டுக்கொடுக்கவே மாட்டார் என்பது ஒரே வரியில் வந்துவிடுகிறது.

குணத்தைப் பேசும்போது, அந்தக் குணம் யார்மீது செல்கிறது என்பதைச் சொல்ல டு என்பதும் வித் என்பதும் மாறி மாறி வருகின்றன. கைண்ட் டு, பொலைட் டு, ரூட் டு, க்ரூவல் டு என்பவற்றில், நம் நடத்தை ஒருவரை நோக்கிப் போகிறது. பேஷன்ட் வித், ஸ்ட்ரிக்ட் வித், ஜென்டில் வித், ஆங்ரி வித் என்பவற்றில், ஒருவரோடு புழங்கும்போது நாம் இருக்கும் விதம் சொல்லப்படுகிறது. எல்லைக்கோடு முழுத் தெளிவானதன்று. ஃப்ரென்ட்லி என்பதோடு இரண்டும் வரும். ஜெனரஸ் என்பதிலோ வேறுபாடு அழகாகத் தெரிகிறது: கொடுக்கப்படும் ஆளுக்கு டு, கொடுக்கப்படும் பொருளுக்கு வித். “ஷி இஸ் ஜெனரஸ் டு ஹெர் நெய்பர்ஸ்” என்றால் அயலவர்களுக்கு அள்ளிக் கொடுப்பவர். “ஷி இஸ் ஜெனரஸ் வித் ஹெர் டைம்” என்றால் தன் நேரத்தைத் தாராளமாகச் செலவிடுபவர். கோபத்திலும் இப்படி ஒரு பிரிவு உண்டு. ஆள்மீது கோபமென்றால் ஆங்ரி வித், நடந்த காரியத்தின் மீதென்றால் ஆங்ரி அபௌட்.

எதனால் பெயர் பெற்றது என்பதற்கு ஃபோ வரும். எப்படி அழைக்கப்படுகிறது என்பதற்கு எஸ் வரும். யாருக்குத் தெரிந்தது என்பதற்கு டு வரும். மட்டக்களப்பு வாவியின் பாடும் மீன்களை எடுத்துக்கொள்வோம். “பட்டிக்கலோ இஸ் ஃபேமஸ் ஃபோ இட்ஸ் சிங்கிங் ஃபிஷ்.” “இட் இஸ் நோன் எஸ் த லேண்ட் ஒவ் த சிங்கிங் ஃபிஷ்.” மருதமுனையைப் பற்றி எழுதினால், கைத்தறி நெசவுக்குப் பெயர் பெற்ற ஊர் என்ற பொருளில் “நோன் ஃபோ இட்ஸ் ஹேண்ட்லூம்ஸ்” என்று வரும். காரைதீவில் 1892இல் பிறந்த மயில்வாகனம், பின்னர் விபுலானந்த அடிகள் எனப்பட்டார். அந்தப் பெயர் மாற்றத்துக்கு ‘நோன் எஸ்’. 1947இல் வெளிவந்த யாழ் நூல் அவருக்குத் தேடித் தந்த புகழுக்கு ‘நோன் ஃபோ’. கிழக்கில் அவரை அறியாதவர் இல்லை என்பதற்கு ‘நோன் டு எவ்ரிவன்’. ஒரே ஆளைப் பற்றி மூன்று முன்னிடைச்சொற்களோடு மூன்று வாக்கியம் எழுதிப் பார்ப்பது மாணவருக்கு நல்ல பயிற்சி.

ரசனைக்கும் இங்கே ஓர் இடம் தர வேண்டும். டேஸ்ட் என்ற பெயர்ச்சொல்லோடு இன் வந்தால் தெரிவுசெய்யும் ரசனை. ஃபோ வந்தால் ஒன்றின் மீதுள்ள நாட்டம். “குட் டேஸ்ட் இன் சாரீஸ்” என்றால் சேலை தெரிவதில் கைதேர்ந்தவர். “எ டேஸ்ட் ஃபோ ஸ்பைசி ஃபூட்” என்றால் உறைப்புச் சாப்பாட்டில் நாட்டமுள்ளவர். இதற்கு நெருக்கமானவை “என் ஐ ஃபோ கலர்”, “என் இயர் ஃபோ மியூசிக்” என்பன: நிறங்களைப் பிரித்தறியும் கண், இசையைப் பகுத்துக் கேட்கும் காது.

ஒன்றைவிட இன்னொன்று கூடுதல் விருப்பம் என்று சொல்லும் இடத்தில்தான் நம்மவர்கள் அதிகம் இடறுகிறார்கள். ‘ஐஸ்கிறீமை விடத் தயிர் விருப்பம்’ என்பதிலுள்ள ‘விட’, ஒப்பீட்டுச் சொல்லான ‘தன்’ என்பதைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறது. ஆகவே “ஐ ப்ரிஃபர் கர்ட் தன் ஐஸ்கிறீம்” என்று எழுதுகிறார்கள். சரியானது “ஐ ப்ரிஃபர் கர்ட் டு ஐஸ்கிறீம்.” காரணம் அந்த வினையின் பிறப்பில் இருக்கிறது. ப்ரிஃபர் என்பது இலத்தீனிலிருந்து வந்தது. முன்னே கொண்டுவருதல், முன்வைத்தல் என்பது அதன் மூலப்பொருள். தயிரை ஐஸ்கிறீமுக்கு முன்னே வைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டால், தமிழிலேயே ‘கு’ வந்துவிடுகிறது, ஆங்கிலத்திலும் டு இயல்பாகிவிடுகிறது. இலத்தீன் வழி வந்த சீனியர், ஜூனியர், சுப்பீரியர், இன்ஃபீரியர் என்பவையும் இப்படியே டு என்பதைத்தான் ஏற்கும்: “ஷி இஸ் சீனியர் டு மீ.” செயல்களை ஒப்பிடும்போது இருபக்கமும் ‘இங்’ வரும்: “ஐ ப்ரிஃபர் வாக்கிங் டு டேக்கிங் த பஸ்.” இந்த டு முன்னிடைச்சொல் என்பதால் பின்னால் ‘டேக்’ என்று வெறும் வினை வர முடியாது. தன் என்பதைத்தான் சொல்ல வேண்டும் என்று நாக்கு அடம்பிடித்தால் அதற்கும் வழி உண்டு. வினையை மாற்றிக்கொள்ள வேண்டும். “ஐ வுட் ரதர் வாக் தன் டேக் த பஸ்.” இங்கே இருபக்கமும் வெறும் வினை, ‘இங்’கும் இல்லை, டுவும் இல்லை.

முன்னிடைச்சொல்லே வேண்டாத இடத்தில் அதைச் செருகுவதும் அதே அளவு பிழைதான். லைக், லவ், என்ஜோய், ஹேட், அட்மயர், ரெஸ்பெக்ட் ஆகிய வினைகள் நேராகப் பொருளைப் பிடித்துக்கொள்கின்றன. ‘ஆசிரியருக்கு மரியாதை கொடுக்கிறேன்’ என்பதைப் பின்பற்றி “ஐ ரெஸ்பெக்ட் டு மை டீச்சர்ஸ்” என்று எழுதுவது பரவலாகக் காணப்படும் பிழை, டு தேவையில்லை. ரெஸ்பெக்ட் என்பது பெயர்ச்சொல்லாக வந்தால் மட்டும் ஃபோ சேரும்: “ஐ ஹேவ் கிரேட் ரெஸ்பெக்ட் ஃபோ மை டீச்சர்ஸ்.” லைக் என்பதற்குப் பின்னால் அவசியமின்றி டு சேர்ப்பதும் வேடிக்கையில் முடியலாம். மீன் விருப்பம் என்று சொல்ல நினைத்து “ஐ லைக் டு ஃபிஷ்” என்றால், தூண்டிலோடு வாவிக்கரையில் உட்கார விருப்பம் என்று ஆகிவிடும். ‘எனக்கு மீன் பிடிக்கும்’ என்ற நம் வாக்கியத்திலும் அந்த இரட்டைப் பொருள் ஒளிந்திருப்பதால், தமிழர் யாரும் ஆங்கிலத்தைக் குறை சொல்ல இயலாது.

இவ்வளவு சின்னச் சொற்கள், இவ்வளவு அடிக்கடி வந்தும், தொலைக்காட்சியிலும் வெளிநாட்டவர் பேச்சிலும் கேட்டுக் கேட்டே படியாமல் போவது ஏன் என்று கேட்கலாம். அவை அழுத்தமில்லாமல் ஒலிப்பதே காரணம். அட், ஒவ், ஃபோ, டு ஆகியவற்றின் உயிரொலி பேச்சில் சுருங்கி, வாய் பாதி திறந்த ஒரு மங்கலான ஒலியாகிவிடுகிறது. ‘ஃபொண்ட் ஒவ்’ என்பது ‘ஃபொண்டவ்’ என்று ஒரே சொல்லாகக் காதில் விழுகிறது. ‘குட் அட்’ என்பதில் அட் இருந்ததா இல்லையா என்பதே ஐயம். சொல்லுக்குச் சொல் நின்று உச்சரித்துப் பழகிய நமக்கு இது கேட்பதில்லை. ஆதலால் இவற்றைக் காதால் பொறுக்கிக்கொள்வதை மட்டும் நம்பியிருக்காமல், எழுத்தில் பார்த்து, குட்அட், ஃபொண்ட்ஒவ், இன்ட்ரஸ்டட்இன் என்று ஒட்டியே மனனம் செய்வதுதான் நடைமுறையில் பலன் தருகிறது. கொப்பியில் சொல்லைத் தனியாக எழுதி எதிரே பொருளை எழுதும் பழக்கத்தை விட்டு, இணையோடு, தன்னைப் பற்றிய உண்மையான ஒரு வாக்கியத்தையும் எழுதிவைக்க வேண்டும்.

அந்தச் சின்னச் சொல் முழு ஒலியோடு கேட்கும் இடம் ஒன்று உண்டு. அது கேள்வியின் கடைசி. பாசிக்குடா ஹோட்டல் ஒன்றின் நேர்முகத்தில் வாழைச்சேனைப் பெண்ணொருத்தி அமர்ந்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். முகாமையாளர் கேட்கிறார்: “வாட் ஆர் யூ குட் அட்?” இங்கே அட் சுருங்காமல் தெளிவாக ஒலிக்கும். “வாட் ஆர் யூ இன்ட்ரஸ்டட் இன்?”, “வாட் ஆர் யூ அஃப்ரெய்ட் ஒவ்?” என்பனவும் இப்படியே. வாக்கியத்தை முன்னிடைச்சொல்லில் முடிக்கக் கூடாது என்று சில பழைய ஆசிரியர்கள் கண்டித்ததுண்டு. ஆங்கிலக் கவிஞர் ஜோன் ட்ரைடன் 1672இல் பென் ஜோன்சனின் வரிகளில் இதைக் குற்றமாகச் சுட்டிக்காட்டியதிலிருந்து அந்தக் கருத்து நெடுங்காலம் செல்வாக்குப் பெற்றிருந்தது. இன்றைய ஆங்கிலத்தில் இந்த அமைப்பே இயல்பானது, முன்னிடைச்சொல்லைக் கேள்வியின் தொடக்கத்துக்குத் தூக்கிச் சென்று “அட் வாட் ஆர் யூ குட்?” என்று கேட்டால்தான் செயற்கையாக இருக்கும். ஆனால் அதை விட்டுவிட்டு “வாட் ஆர் யூ குட்?” என்று நிறுத்துவது பிழை, தமிழ் பேசுவோர் கேள்வி கேட்கும்போது அடிக்கடி செய்வதும் அதுதான். பதில் சொல்வது எளிது. அந்தப் பெண் “டாக்கிங் டு கெஸ்ட்ஸ்” என்று மட்டும் சொன்னால் போதும், அட் கேள்வியிலேயே இருக்கிறது. முழு வாக்கியமாகச் சொல்ல விரும்பினால் அது திரும்பவும் தன் இடத்துக்கு வர வேண்டும்: “ஐ அம் குட் அட் டாக்கிங் டு கெஸ்ட்ஸ்.”